அமெரிக்க நேவி ரிசர்வ் பென்ஷன்: எந்த வயதில் கைக்கு வரும், கணக்குப் போடுவது எப்படி?

முழுநேர மாலுமிக்கு 20 வருடம் முடித்து ஓய்வு பெற்றதுமே பென்ஷன் ஆரம்பித்துவிடும். மாதத்தில் ஒரு வார இறுதி மட்டும் சீருடை போடும் ரிசர்வ் மாலுமிக்கும் அதே 20 வருடம்தான், ஆனால் பணம் பொதுவாக 60 வயதில்தான் வரும்.

முதலில் அந்த 20 வருடத்தை எண்ணுங்கள். சேர்ந்து 20 வருடம் ஆகிவிட்டது என்றால் போதாது, ஒவ்வொரு வருடமும் குறைந்தது 50 புள்ளி எடுத்திருக்க வேண்டும் (வருடம் ஜனவரியில் அல்ல, அவரவர் சேர்ந்த தேதியில் தொடங்கும்). சும்மா உறுப்பினராக இருப்பதற்கே 15 புள்ளி. சனி காலை, சனி மதியம், ஞாயிறு காலை, ஞாயிறு மதியம் என்று ஒரு வார இறுதிக்கு நான்கு டிரில் (அரைநாள் பயிற்சி), நான்கு புள்ளி. 12 மாதத்துக்கு 48. ஆக 63, அதற்கு மேல் இரண்டு வாரப் பயிற்சி. நாலு மாதம் மட்டம் போட்டு, பயிற்சிக்கும் போகாமல் விட்டால் 47-இல் நின்றுவிடும். அந்த வருடம் 20-இல் சேராது. ஆனாலும் அந்த 47 புள்ளி வீணில்லை, தொகைக் கணக்கில் வரும்.

சரி, வயது. 2008 ஜனவரி 28-க்குப் பிறகு போர்ப் பணி போன்றவற்றுக்கு அழைக்கப்பட்டு முழுநேரமாக வேலை செய்திருந்தால், 90 நாளுக்கு 3 மாதம் என்று 60-இலிருந்து கழியும். ஒரே நிதியாண்டில் 180 நாள் போனவருக்கு 59½. எவ்வளவு கழித்தாலும் 50-க்குக் கீழே போகாது. வழக்கமான வருடப் பயிற்சி நாட்களை இதில் சேர்த்துவிடாதீர்கள்.

அப்புறம் தொகை. மொத்தப் புள்ளியை 360-ஆல் வகுத்து 2.5-ஆல் பெருக்குங்கள்: 2,700 புள்ளி என்றால் 7.5 வருடம், அதாவது அடிப்படைச் சம்பளம் மிக அதிகமாக இருந்த 36 மாதங்களின் சராசரியில் 18.75 சதவீதம். 2018 முதல் சேர்ந்தவர்களுக்கு 2.5-க்குப் பதில் 2.

40 வயதிலேயே 20 வருடம் முடிந்தவர் அலுத்துப்போய் டிஸ்சார்ஜ் (படையிலிருந்து முழு விடுவிப்பு) வாங்கிக்கொண்டு போய்விடக் கூடாது. ஓய்வு ரிசர்வ் பட்டியலில் பெயரை வைத்திருந்தால், காத்திருக்கும் காலத்தில் சம்பள அட்டவணை ஏறுவதும் கணக்கில் சேரும்.

பென்ஷன் தானாக வராது, விண்ணப்பிக்க வேண்டும். 58-லேயே பணம் வர ஆரம்பித்தாலும், ஓய்வு பெற்றவருக்கான டிரைகேர் மருத்துவக் காப்பீடு 60-இல்தான், அதுவரைக்கும் வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.