கரோக்கி பாட மைக் கிளிப், ஸ்டாண்ட்: எதைப் பார்த்து வாங்குவது?

கச்சேரியில் ஒரு மைக்குக்கு ஒரே ஆள். கரோக்கியில் நாலைந்து நிமிடத்துக்கு ஒருவர் மாறுவார். ஆறடி ஆள் பாடி முடித்ததும் எட்டு வயதுப் பையன் வந்து நிற்பான். ஒருவர் மைக்கை உருவிக் கையில் எடுப்பார், இன்னொருவர் ஸ்டாண்டைப் பிடித்துத் தொங்குவார். பழக்கமில்லாதவர் கையில் சிக்கினாலும் உடையாத, சாயாத பொருளாகப் பார்த்து வாங்க வேண்டும்.

மைக்கைக் கவ்வி ஸ்டாண்டில் நிறுத்துவது கிளிப். அதற்குப் போகும் முன் மைக்கின் பருமனை அளந்துவிடுங்கள். கிளிப் கவ்வப்போகும் இடத்தில் ஒரு காகிதத் துண்டைச் சுற்றி, முனை சேரும் இடத்தில் பேனாவால் குறித்து, விரித்து ஸ்கேலில் வையுங்கள். வந்த நீளத்தை 3.14ஆல் வகுத்தால் விட்டம். 11 செ.மீ. என்றால் 35 மி.மீ.

வயர் மைக்குகள் பெரும்பாலும் தலைப் பக்கம் பருத்து வால் பக்கம் ஒடுங்கும். ஷூர் எஸ்.எம்.58 என்ற வயர் மைக்கில் வலைத் தலை 51 மி.மீ., கேபிள் செருகும் வால் 23 மி.மீ. மேலிருந்து செருகினால், அந்த ஒடுக்கத்தால் ஆப்பு இறங்குகிற மாதிரி ஓரிடத்தில் தானே இறுகி நிற்கும். கார்ட்லெஸ் மைக் பலவற்றில் இந்தச் சரிவு இல்லை. குழாய் மாதிரி ஒரே பருமன், அதுவும் கூடுதல். அதை வயர் மைக் கிளிப்பில் திணித்தால் தாடை விரிந்து, கொஞ்ச நாளில் வளைவின் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும். அது பிளாஸ்டிக் விட்டுக்கொடுக்கத் தொடங்கியதன் அடையாளம். அன்றைக்கே கிளிப்பை மாற்றுங்கள். அடுத்து உடையும், மைக் தரைக்குப் போகும்.

பல அளவு மைக் புழங்கும் இடத்துக்குத் துணி கிளிப் போல அழுத்தித் திறக்கும் ஸ்பிரிங் கிளிப் வசதி. அதிலும் சங்கடம் உண்டு. எடுக்கும்போது 'டக்' என்று ஸ்பீக்கரில் கேட்கும், கவ்வும் இடத்தில் ஸ்விட்ச் இருந்தால் மைக் அணைந்துபோகும். ஸ்விட்சுக்கும் டிஸ்ப்ளேக்கும் தள்ளி, நடு உடம்பில் கவ்வ வையுங்கள். பல கார்ட்லெஸ் மைக்குகளுக்கு ஆன்டெனா வால் பக்கம் இருப்பதால் அங்கேயும் கவ்வ வேண்டாம். அடிக்கடி கையில் எடுத்துப் பாடுகிற குழு என்றால், மைக்கைப் பக்கவாட்டில் பிடுங்காமல் மேல்நோக்கி உருவச் சொல்லிக்கொடுங்கள். பாதிக் கிளிப்புகள் பிழைத்துவிடும்.

அடுத்தது மரை. ஸ்டாண்ட் முனையில் இரண்டு அளவு புழக்கத்தில் உள்ளன: 5/8 அங்குலம் (சுமார் 16 மி.மீ.), 3/8 அங்குலம் (சுமார் 9.5 மி.மீ.). கிளிப்பின் அடிப்பக்கம் பெரும்பாலும் பெரியது. ஸ்டாண்ட் முனை சின்னதாக இருந்தால் நடுவில் ஒரு அடாப்டர் வேண்டும். உள்ளேயும் வெளியேயும் மரை உள்ள சிறு உலோக வளையம், தலையில் காசு நுழையும் பள்ளம். ரொம்பச் சின்னப் பொருள், நிகழ்ச்சியன்று காலையில்தான் தொலையும். பையில் நான்கு போட்டு வையுங்கள். மாட்டும்போது கிளிப்பை முதலில் எதிர்ப்பக்கமாக மெல்லத் திருப்புங்கள். 'டிக்' என்று மரை உட்காருவது விரலுக்குத் தெரியும். அதன் பிறகு முன்பக்கம் முறுக்கினால் கோணல் மரை விழாது. வாங்கும்போதே உள்மரை பித்தளையில் உள்ள கிளிப்பாகப் பாருங்கள். வெறும் பிளாஸ்டிக் மரை சீக்கிரம் தேய்ந்து, மைக் சுற்றிக்கொண்டே இருக்கும்.

ஸ்டாண்டில் இரண்டு வகை போதும். நின்றபடி பாட, கனமான வட்ட அடித்தட்டு உள்ள நேர் ஸ்டாண்ட். கால் இடறாது, இடம் அடைக்காது. குழந்தைகளும் உட்கார்ந்து பாடுபவர்களும் வருவார்கள் என்றால், முக்காலியில் பூம் கை (தண்டிலிருந்து பக்கவாட்டில் நீளும் குறுக்குக் கம்பி) உள்ளது. கடையில் இதைச் செய்து பாருங்கள்: தண்டை முழுக்க உயர்த்திப் பூட்டி, மேல்முனையை உள்ளங்கையால் அழுத்துங்கள். லேசான அழுத்தத்துக்கே இறங்கினால் வேண்டாம். பூம் கையைக் கிடைமட்டமாக நீட்டி, முனையில் உங்கள் மைக்கை மாட்டி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டுத் திரும்பி வந்து பாருங்கள். தலை தொங்கியிருந்தால் அங்கேயே வைத்துவிடுங்கள். மூன்று கால்களும் சேரும் கணு உலோகமா என்றும் பாருங்கள். பிளாஸ்டிக் என்றால் முதலில் விரிசல் விடுவது அங்கேதான்.

பூம் கை முக்காலியின் ஏதாவது ஒரு காலுக்கு நேர் மேலே நீள வேண்டும். இரண்டு கால்களுக்கு நடுவே நீட்டினால் யாராவது உரசினாலே சாயும். டைல்ஸ் தரையில் காலின் ரப்பர் குமிழ் கழன்றிருந்தால் ஸ்டாண்ட் வழுக்கும், தட்டும் சத்தமும் மைக்கில் ஏறும். கீழே ஒரு கால்மிதி போட்டால் இரண்டும் குறையும்.

உயரத்துக்கு ஒரு கணக்கு: நிற்பவரின் வாய் உச்சந்தலையிலிருந்து ஏறக்குறைய 15 முதல் 18 செ.மீ. கீழே. 165 செ.மீ. ஆளுக்கு 147 முதல் 150. மைக் தலை முகவாய் மட்டத்தில், வாயைப் பார்த்துச் சற்றே மேல்நோக்கி, இரண்டிலிருந்து நான்கு விரல் தூரத்தில். அப்போதுதான் டிவியில் ஓடும் வரிகளை மைக் மறைக்காது. 110 செ.மீ. குழந்தையின் வாய் சுமார் 95இல். பெரியவர்களுக்கான நேர் ஸ்டாண்டுகள் பல 90க்குக் கீழே இறங்காது, அதற்கு மேல் கிளிப்பும் மைக்கும் உட்கார வேண்டும். பூம் ஸ்டாண்ட் தேவைப்படுவது இதனால்தான். உயரம் மாற்றும்போது பிடியைத் தளர்த்தி, ஏற்றி, இறுக்குங்கள். தளர்த்தாமல் இழுத்து இழுத்தே உள்ளிருக்கும் பிடிவளையம் தேய்கிறது. ஆள் மாறும் வேகத்துக்கு ஒரு கைப்பிடியை அழுத்தி உயரம் மாற்றும் ஸ்டாண்ட் கிடைத்தால் கூடுதல் காசு கொடுக்கலாம்.

போனைத் தாங்கும் கவ்வியை மைக் ஸ்டாண்டிலேயே மாட்டுவது வழக்கமாகிவிட்டது. போனைத் தொடும் ஒவ்வொரு முறையும் அது மைக்கில் 'டொப்' என்று கேட்கும். போனுக்குத் தனி ஸ்டாண்ட் வைத்துவிடுங்கள்.

ஸ்பீக்கர் பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் இருந்தால் எந்த ஸ்டாண்டும் காப்பாற்றாது. மைக்கின் வாய் ஸ்பீக்கரைப் பார்க்கும், 'ஊய்ங்' என்று கூவும். கார்டியாய்ட் மைக் (முன்பக்கச் சத்தத்தை வாங்கி, வால் பக்கச் சத்தத்தை ஒதுக்கும் வகை) என்றால் ஸ்பீக்கர் அதன் வால் பக்கம் இருக்கட்டும். ஷூர் பீட்டா 58ஏ போன்ற சூப்பர் கார்டியாய்ட் மைக் நேர் பின்னாலிருந்தும் கொஞ்சம் சத்தம் வாங்கும்; அதற்கு வாலுக்கு நேர் பின்னால் வைக்காமல், சற்றுப் பக்கவாட்டில் தள்ளி வையுங்கள்.

வயர் மைக் என்றால் கேபிளைத் தண்டில் ஒரு சுற்று சுற்றி, மைக் வாலருகே ஒரு சாண் தொங்கல் விடுங்கள். இல்லாவிட்டால் யாராவது கேபிளை மிதித்ததும் மைக் கிளிப்போடு திரும்பிக்கொள்ளும். பாடப் பாட மைக் தலை குனிந்துகொண்டே போனால், கிளிப்பின் மூட்டில் உள்ள திருகை ஸ்க்ரூ டிரைவரால் கால் சுற்று இறுக்குங்கள். கிளிப் பழுதென்று தூக்கிப் போடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுங்கள்.