அவகாடோ கறுப்பாகும்வரை காத்திருக்காதீர்கள்

அவகாடோ, அதாவது பட்டர் ஃப்ரூட் பற்றி இணையத்தில் உலவும் குறிப்புகளில் பெரும்பாலானவை ஹாஸ் என்ற ஒரே ரகத்தை மனதில் வைத்து எழுதியவை. கலிஃபோர்னியாவில் தபால்காரராக இருந்த ருடால்ஃப் ஹாஸ், தன் தோட்டத்தில் விதையிலிருந்து வளர்ந்த ஒரு மரத்துக்கு 1935இல் காப்புரிமை வாங்கினார். இன்று உலகச் சந்தையை ஆள்வது அந்த ஒற்றை மரத்திலிருந்து ஒட்டுக்கட்டிப் பெருகிய வம்சம்தான். தோல் கறுத்தால் பழம் என்பது ஹாஸுக்குச் சரி. கொடைக்கானல் கீழ்மலையில், தாண்டிக்குடிப் பக்கம் காபித் தோட்டங்களுக்கு நடுவே காய்த்து நம் சந்தைக்கு வருபவற்றில் பல, கனிந்த பிறகும் பச்சையாகவே இருக்கும். கறுக்கட்டும் என்று விட்டுவைத்தால் உள்ளே அழுகிப்போகும்.

ஆகவே நிறத்தை நம்பாமல், பழத்தை உள்ளங்கையில் வைத்து மெல்ல அழுத்திப் பாருங்கள். காம்புப் பக்கம் லேசாக நெகிழ்ந்தால் பதம். கட்டைவிரலால் குத்திப் பார்க்க வேண்டாம், அந்த இடம் கன்றிவிடும். சில ரகங்களில் குலுக்கினால் கொட்டை ஆடும் சத்தமே கேட்கும்.

கல் மாதிரி இருக்கிறதே என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகவும் வேண்டாம். இது மரத்தில் பழுக்காது, பறித்த பிறகுதான் கனியும். வாழைப்பழத்தோடு ஒரு காகிதப் பையில் போட்டுச் சமையலறையிலேயே வையுங்கள். காயாக இருக்கும்போதே ஃப்ரிட்ஜில் வைத்தால் ஒழுங்காகப் பழுக்காது. கனிந்த பிறகு வைத்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். தண்ணீரில் மூழ்க வைத்தால் வாரக்கணக்கில் கெடாது என்று ஒரு வீடியோ சுற்றியது. தோலில் இருக்கும் கிருமிகள் தண்ணீரில் பெருகலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2022இல் எச்சரித்தது. அதே காரணத்துக்காக, தோலைச் சாப்பிடப் போவதில்லை என்றாலும் கழுவிவிட்டே வெட்டுங்கள். பாதிப் பழத்தைக் கையில் பிடித்துக்கொண்டு கொட்டையைக் கத்தியால் கொத்தி எடுப்பதும் ஆபத்து. ஸ்பூனால் நெம்பினாலே வந்துவிடும்.

சரி, சத்துக்கு வருவோம். 100 கிராம் சதைப்பற்றில் ஏறக்குறைய 160 கலோரி, 15 கிராம் கொழுப்பு. அதில் 10 கிராம் அளவுக்கு ஆலிவ் எண்ணெயில் இருக்கும் அதே வகை நல்ல கொழுப்பு. நார்ச்சத்து கிட்டத்தட்ட 7 கிராம். பொட்டாசியம் வாழைப்பழத்தைவிட அதிகம். சர்க்கரையோ ஒரு கிராம்கூட இல்லை. அந்தக் குறையை நம் ஜூஸ் கடைகள் தீர்த்துவைக்கின்றன! பால், நாலு ஸ்பூன் சர்க்கரை, மேலே ஒரு கரண்டி ஐஸ்கிரீம் என்று வரும் பட்டர் ஃப்ரூட் ஜூஸை ஆரோக்கியக் கணக்கில் எழுதுவதுதான் என் பார்வையில் ஆகப்பெரிய தவறு. மெக்சிகோவின் தெவாக்கான் பள்ளத்தாக்குக் குகைகளில், பல ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே மனிதர்கள் இதைச் சாப்பிட்ட தடயங்கள் கிடைத்திருக்கின்றன. அந்த நாட்டில் இன்றும் இது பெரும்பாலும் உப்பு, பச்சை மிளகாய், எலுமிச்சைச் சாற்றோடு மசித்துச் சாப்பிடும் பண்டம். நம் வெங்காயப் பச்சடிக்குப் பழகிய நாக்குக்கு அது ஒன்றும் அந்நியமில்லை.

அப்புறம், இருக்கிற சாப்பாட்டோடு இதையும் சேர்த்துக்கொண்டால் கலோரிதான் ஏறும். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கர்களைச் சுமார் 30 ஆண்டுகள் கவனித்து 2022இல் வெளியான ஆய்வில், வாரம் இரண்டு முறையாவது சாப்பிட்டவர்களுக்கு இதய நோய் குறைவாகத் தெரிந்தது. வெண்ணெய், சீஸ், பதப்படுத்திய இறைச்சி ஆகியவற்றுக்குப் பதிலாகச் சாப்பிட்டாலும் ஆபத்து குறைவதாகவே அதன் கணக்கு காட்டியது. இதுவும் கவனித்துச் சொன்னதுதான், இந்தப் பழம்தான் காரணம் என்று நிரூபித்ததல்ல.

சிறுநீரகக் கோளாறால் பொட்டாசியத்தைக் கட்டுப்படுத்துபவர்களும், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். ரப்பர் கையுறை ஒவ்வாதவர்களில் சிலருக்கு இதுவும் ஒவ்வாது. கொட்டையைப் பொடித்துக் குடிக்கச் சொல்லும் குறிப்புகளைத் தாராளமாக ஒதுக்கலாம், அதன் பாதுகாப்பு உறுதியாகவில்லை. வீட்டில் மரம் இருந்தால் தழையை ஒடித்து ஆட்டுக்குப் போடாதீர்கள்: இலையிலுள்ள பெர்சின் என்ற பொருள் ஆடு, மாடு, குதிரை, பறவைகளுக்கு நஞ்சு.