பம்பில் கை வைக்கும் முன் பிரஷரைப் பாருங்கள்

மேட்டில் இழுக்கவில்லை, காலையில் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் ஸ்டார்ட் ஆகிறது என்று பழைய எம்.பி.எஃப்.ஐ. (கார்புரேட்டர் இல்லாமல் இன்ஜெக்டர்கள் வழியே பெட்ரோலைப் பீய்ச்சும்) கார் பட்டறைக்கு வந்தால், பழி முதலில் பெட்ரோல் பம்ப் மீதுதான் விழுகிறது. புதுப் பம்ப் போட்டும் கோளாறு தீராமல் என்னிடம் வந்த வண்டிகள் உண்டு. அந்தச் செலவு வீண் செலவு. பிரஷர் கேஜ் ஒன்றை மாட்டினால் குற்றவாளி பம்பா, பில்டரா, பிரஷரை அளவோடு வைக்கும் ரெகுலேட்டரா, இன்ஜெக்டரா என்பது பெரும்பாலும் அன்றே தெரிந்துவிடும்.

என் கைக்கு நன்கு பழகிய மாருதி எஸ்டீம் 1.3 எம்.பி.எஃப்.ஐ. வண்டியை வைத்தே சொல்கிறேன். இதில் பம்ப் டேங்குக்குள் இருக்கிறது. ரெகுலேட்டர், எஞ்சின் பக்கம் இன்ஜெக்டர் குழாயில் இருக்கிறது. மிஞ்சும் பெட்ரோல் ரிட்டர்ன் லைன் வழியே டேங்குக்குத் திரும்புகிறது. ரெகுலேட்டரை டேங்குக்குள் வைத்த பிற்காலக் கார்களுக்கு, கீழே வரும் ரிட்டர்ன் சோதனைகள் பொருந்தா.

முதலில் டேங்க் மூடியைத் திறந்து காதை வைத்துக் கேளுங்கள். உதவிக்கு இருப்பவர் சாவியை ஆன் செய்ததும் இரண்டு மூன்று விநாடி பம்ப் சத்தம் வர வேண்டும். சத்தமே இல்லையென்றால் பியூஸ், ரிலே, பம்ப் கனெக்டரில் 12 வோல்ட், எர்த் வயர் என்று வரிசையாகப் பாருங்கள். பழைய வண்டிகளில் எர்த் முனை துருப்பிடித்திருப்பது சகஜம். கரண்டும் எர்த்தும் சரியாக இருந்து பம்ப் ஊமையாகக் கிடந்தால்தான் அது போய்விட்டது என்று சொல்லலாம்.

அடுத்து, ரெகுலேட்டரை எஞ்சின் காற்று இழுக்கும் குழாயோடு இணைக்கும் வேக்கம் ஹோஸைக் கழற்றிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் ஈரம் இருந்தால் ரெகுலேட்டருக்குள் இருக்கும் சவ்வு (டயாஃபிரம்) கிழிந்திருக்கிறது. ரெகுலேட்டரை மாற்றுங்கள், இதற்குக் கேஜ் வேண்டாம்.

கேஜ் மாட்டுவதற்கு முன் லைனில் தேங்கிய பிரஷரை இறக்கியே ஆக வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது பம்ப் ரிலேயைப் பிடுங்கிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள். தானாக நின்ற பிறகு இரண்டு மூன்று முறை செல்ஃப் அடித்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றுங்கள். பக்கத்தில் பீடியோ விளக்கோ கூடாது; தீயணைப்பான் கையெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பில்டருக்கும் இன்ஜெக்டர் குழாய்க்கும் நடுவே டீ ஜாயின்ட் போட்டுக் கேஜை இணையுங்கள். ஹோஸும் கிளிப்பும் இன்ஜெக்ஷன் வண்டிக்கானவையாக இருக்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியின் ஹோஸ் இந்தப் பிரஷரைத் தாங்காது.

ரிலேயையும் பேட்டரியையும் மாட்டி, கசிவு இல்லை என்று உறுதிசெய்தபின் சாவியை ஆன் செய்யுங்கள். எஞ்சின் ஓடாமல் பம்ப் மட்டும் ஓடும்போது 2.7 முதல் 3.1 பார் காட்ட வேண்டும். ஐடிலிங்கில் 2.1 முதல் 2.6 வரை. அப்போது வேக்கம் ஹோஸைப் பிடுங்கினால் முள் ஏறத்தாழ அரை பார் ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் சந்தேகம் ரெகுலேட்டர் மீது.

பிரஷர் குறைவாக இருந்தால் ரிட்டர்ன் ரப்பர் ஹோஸைத் துணி சுற்றிய இடுக்கியால் ஒரு நொடி மட்டும் நெரியுங்கள். முள் சட்டென்று எகிறினால் பம்ப் நன்றாக இருக்கிறது, ரெகுலேட்டர்தான் விட்டுக்கொடுக்கிறது. அசையவில்லை என்றால் பில்டர், டேங்குக்குள் இருக்கும் சல்லடை, அதன் பிறகே பம்ப். முதலில் பில்டரை மாற்றிப் பாருங்கள், அதுதான் மலிவு. பிரஷர் அதிகமாக இருந்தால் ரிட்டர்ன் லைன் அடைப்பா என்று பாருங்கள்.

நின்ற இடத்தில் எல்லாம் சரியாக இருந்து, ஏற்றத்தில் மட்டும் மூச்சு வாங்கும் வண்டிகள்தான் அதிகம் ஏமாற்றுபவை. அவற்றை நான் குன்னூர் மலைப்பாதைக்குக் கொண்டுபோவேன். கேஜை முன்கண்ணாடிக்கு வெளியே ஒட்டி, இன்னொருவரை ஓட்டச் சொல்வேன். பெட்ரோல் ஹோஸைக் காருக்குள் கொண்டுவரவே கூடாது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க மிதித்தால் வேக்கம் குறையும், எனவே பிரஷர் ஏற வேண்டும். மாறாக இறங்கினால் பெட்ரோல் போதவில்லை: பில்டரோ சல்லடையோ அடைத்திருக்கிறது, அல்லது பம்ப் தளர்ந்திருக்கிறது. எத்தனால் பழைய டேங்கின் அழுக்கைக் கிளப்பிவிடும். ஆகவே இ20 (20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) ஊற்றத் தொடங்கிய பழைய வண்டியில் சல்லடையைப் பார்க்காமல் விடாதீர்கள்.

காலை ஸ்டார்ட்டிங் கோளாறுக்கு, எஞ்சினை நிறுத்தி ஒரு நிமிடம் காத்திருங்கள். முள் 2 பாருக்கு மேல் நிற்க வேண்டும். இறங்கினால் மறுபடி ஓட்டி நிறுத்தி, உடனே ரிட்டர்ன் ஹோஸை நெரியுங்கள். முள் நின்றால் ரெகுலேட்டர் கசிகிறது. நிற்கவில்லை என்றால் மீண்டும் ஓட்டி நிறுத்தி, கேஜுக்கும் டேங்குக்கும் நடுவே சப்ளை ஹோஸை நெரியுங்கள். இப்போது நின்றால் பெட்ரோல் டேங்குக்குத் திரும்பாமல் தடுக்க பம்புக்குள் இருக்கும் வால்வில் கோளாறு. இரண்டுக்கும் நிற்காவிட்டால் ஏதோ ஓர் இன்ஜெக்டர் சொட்டுகிறது. பிளக்குகளைக் கழற்றுங்கள், கரிபிடித்து ஈரமாக இருக்கும் சிலிண்டர்தான் அது.

வேலை முடிந்ததும் முன்போலவே பிரஷரை இறக்கிக் கேஜைக் கழற்றி, கிளிப்புகளைப் புதிதாகப் போடுங்கள். ஸ்டார்ட் செய்யாமல் சாவியை இரண்டு மூன்று முறை ஆன் செய்து, ஒவ்வோர் இணைப்பையும் டார்ச் அடித்துப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்.