கேமரா பாடியை மாற்றும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கேனான் 1500டி, நிகான் டி3500 மாதிரி ஒரு கேமராவை வாங்கி, கூடவே வந்த 18-55 லென்ஸோடு மூன்று நான்கு வருடம் ஓட்டியவர்களுக்கு ஒரு கட்டத்தில் ‘பாடியை (லென்ஸ் நீங்கலான கேமராவை) மாற்றினால் என்ன’ என்ற எண்ணம் வந்துவிடும். சொந்தக்காரர் வீட்டு நிச்சயதார்த்தத்தில் எடுத்த படம் மங்கலாக இருந்திருக்கும். அதே மேடையை இன்னொருவர் ஃபுல் ஃபிரேம் கேமராவில் (வெளிச்சத்தைப் படமாக்கும் சென்சார் இதில் பெரிது) எடுத்தது பளிச்சென்று இருந்திருக்கும். அன்று ராத்திரியே யூடியூபில் ஒப்பீட்டு வீடியோ, மறுநாள் இ.எம்.ஐ. கணக்கு.

பாடியை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. மாற்றியே ஆக வேண்டிய நிலைமைகளும் உண்டு, அவற்றுக்கும் வருகிறேன். ஆனால் கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்க்காமலேயே பழியைப் பாடியின் தலையில் போட்டு, ஒரு லட்சத்துக்கு மேல் செலவழித்து, அதே மங்கலான படத்தைப் புது கேமராவில் எடுப்பவர்கள்தான் அதிகம்.

கெட்ட படத்தைத் திறந்து பார்க்காமல் விடுவது

தலையாய தவறு இதுதான். சென்ற ஒரு வருடத்தில் உங்களுக்குப் பிடிக்காமல் போன படங்களாக ஐம்பதைப் பொறுக்கி ஒரு ஃபோல்டரில் போடுங்கள். கம்ப்யூட்டரில் நூறு சதவீத அளவுக்குப் பெரிதாக்கிப் பாருங்கள்.

சுவர், தூண், ஆட்கள் என எல்லாமே ஒரே திசையில் இழுத்தாற்போல் இருந்தால், உங்கள் கை ஆடியிருக்கிறது. தூண் கூர்மையாக இருந்து பந்தி பரிமாறுபவரின் கை மட்டும் தேய்ந்திருந்தால், ஷட்டர் ஸ்பீட் போதவில்லை. பெண்ணின் கண் மங்கி, காதில் தொங்கும் ஜிமிக்கி துல்லியமாக இருந்தால், ஃபோகஸ் தவறியிருக்கிறது. எல்லாம் கூர்மைதான், ஆனால் முகத்தில் மணலைத் தூவிய மாதிரி இருக்கிறது என்றால், ஐஎஸ்ஓ (கேமரா வெளிச்சத்தை எவ்வளவு பெருக்கிக் காட்டுகிறது என்ற எண்) எகிறியிருக்கிறது. நான்குக்கும் வழி வேறு வேறு. பாடிக்குள்ளேயே ஸ்டெபிலைசேஷன் உள்ள கேமரா முதல் சிக்கலைக் குறைக்கும். ஓடுகிற குழந்தையை அது நிறுத்தி வைக்காது.

படத்தோடு சேர்ந்து பதிவாகியிருக்கும் விவரங்களையும் பாருங்கள். ரிசப்ஷனில் எடுத்த படம் ஒன்று என்று வைத்துக்கொள்வோம்: 50 மி.மீ., எஃப் 5.6 (லென்ஸின் திறப்பு; எண் சிறிதானால் திறப்பு பெரிது), ஷட்டர் 1/30 நொடி, ஐஎஸ்ஓ 3200. ஆள் அசைந்து படம் தேய்ந்துவிட்டது. அசைவை நிறுத்த 1/250 வேண்டும். அதாவது இப்போது கிடைப்பதைப்போல எட்டு மடங்கு வெளிச்சம் வேண்டும். எங்கிருந்து வரும்?

ஃபுல் ஃபிரேம் சென்சாரின் பரப்பு, 1500டி மாதிரி கேமராக்களில் உள்ள கேனானின் சின்ன சென்சாரை, அதாவது கிராப் சென்சாரைவிட ஏறக்குறைய 2.6 மடங்கு. நல்ல லாபம்தான். ஆனால் கேனான் ஆர்8 பாடியோடு கிட்டாக வரும் 24-50 லென்ஸ், 50 மி.மீ.யில் எஃப் 6.3-க்கு மேல் திறக்காது. அங்கே கொஞ்சம் வெளிச்சம் போய்விடுகிறது. கூட்டிக் கழித்தால் கையில் மிஞ்சுவது இரண்டு மடங்கு. சென்சார் புதிது என்பதற்காக இன்னும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். இதற்கு லட்சத்துக்கு மேல்.

மாறாக, உங்கள் பழைய 1500டியிலேயே 50 மி.மீ. எஃப் 1.8 லென்ஸைப் போட்டால், எஃப் 5.6-ஐவிட ஒன்பது மடங்குக்கு மேல் வெளிச்சம் உள்ளே வரும். அதே ஐஎஸ்ஓ 3200-ல் 1/250 கிடைத்துவிடும். பத்தாயிரம் ரூபாய் வாக்கில் முடிகிற வேலை.

இதற்கும் ஒரு ‘ஆனால்’ உண்டு. எஃப் 1.8-ல் கூர்மையாக விழும் ஆழம் மிகக் குறைவு. மாப்பிள்ளையும் பெண்ணும் ஒருவர் அரையடி முன்னால், ஒருவர் பின்னால் நின்றால் இரண்டு பேர் கண்ணும் ஒன்றாகக் கிடைக்காது. எஃப் 2.8-க்கு மூடினால் கொஞ்சம் சமாளிக்கலாம். அப்போதும் பழைய கணக்கைவிட நாலு மடங்கு வெளிச்சம் இருக்கும். கிராப் சென்சாரில் 50 என்பது 75, 80 மி.மீ. மாதிரி நெருக்கிக் காட்டும் என்பதால், சின்ன ஹாலில் சுவரில் முதுகு முட்டும் வரை பின்னால் போக வேண்டியிருக்கும். வீட்டு விசேஷங்கள்தான் அதிகம் என்றால் நிகான்காரர்கள் 35 எஃப் 1.8, கேனான்காரர்கள் 24 எஃப் 2.8 பார்க்கலாம். வீட்டில் சீலிங் வெள்ளையாக, கைக்கெட்டும் உயரத்தில் இருக்கிறதா? ஒரு ஃபிளாஷை மேல் நோக்கித் திருப்பி அடித்தால் இந்தக் கணக்கே தேவைப்படாது. மண்டபத்துச் சீலிங்கில் அந்த வித்தை பலிக்காது.

ஃபோகஸ் தவறுவதும் பாதி நேரம் நம் கைவேலைதான். 1500டியில் ஒன்பது ஃபோகஸ் புள்ளிகள். அதில் நடுப்புள்ளி மட்டும்தான் கிராஸ் வகை (குறுக்கிலும் நெடுக்கிலும் பார்ப்பது), குறைந்த வெளிச்சத்திலும் நம்பக்கூடியது. ஒன்பதையும் கேமரா இஷ்டத்துக்கு விட்டால் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மாலையைப் போய்ப் பிடித்துக்கொள்ளும். நடுப்புள்ளியை மட்டும் வைத்துக் கண்ணில் ஃபோகஸ் செய்து பழகிப் பாருங்கள். அதன் பிறகும், நடந்து வருகிறவர்களை மட்டும் தொடர்ந்து தவறவிடுகிறது என்றால், அப்போதுதான் அது பாடியின் குறை.

மெகாபிக்சலை எண்ணிப் பார்ப்பது

இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். கல்யாண ஆல்பத்தில் இரண்டு பக்கமும் விரித்தால் 12-க்கு 36 அங்குலம். ஒரு பக்கம் 12-க்கு 18. அங்குலத்துக்கு 300 புள்ளி என்ற கடுமையான கணக்கு வைத்தாலும் 5400-க்கு 3600, அதாவது 20 மெகாபிக்சல்கூட வரவில்லை. உங்களிடம் இருப்பது 24. ஒரு படத்தை 4கே டிவியில் முழுத் திரைக்குக் காட்ட எட்டேகால் மெகாபிக்சல் போதும். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

24-லிருந்து 33-க்குப் போனால் பெரிய தாவல் மாதிரி தெரியும். படத்தின் அகலத்தில் பார்த்தால் கூடுவது 17 சதவீதம் சொச்சம். வேடந்தாங்கலிலோ கூந்தன்குளத்திலோ தூரத்துப் பறவையை எடுத்து, நடுவிலிருந்து ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுப்பவர்களுக்குக் கூடுதல் மெகாபிக்சல் நிஜமாகவே உதவும். மற்றவர்களுக்கு அது ஹார்ட் டிஸ்க் செலவு.

பாடி விலையை மட்டும் பார்த்து பட்ஜெட் போடுவது

பணம் கையைக் கடிப்பது இங்கேதான். கேனான்காரர்களின் 18-55-ம் 55-250-ம் கிராப் சென்சாருக்கென்று செய்த இஎஃப்-எஸ் லென்ஸ்கள். செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஃபுல் ஃபிரேம் 6டி வாங்கினால் அவை அதில் மாட்டவே மாட்டாது. ஆர்8-ல் அடாப்டர் போட்டு மாட்டலாம், வேலையும் செய்யும். ஆனால் கேமரா சென்சாரின் நடுப்பகுதியை மட்டும்தான் எடுத்துக்கொள்ளும். 24 மெகாபிக்சல் ஒன்பது சொச்சத்துக்கு வந்துவிடும். ஃபுல் ஃபிரேமுக்குக் காசு கொடுத்து, கிராப்பைவிடக் குறைந்த படத்தை எடுப்பீர்கள்.

நிகானில் இன்னொரு கண்ணி. டி750-ல் தானாக ஃபோகஸ் ஆகிக்கொண்டிருந்த பழைய 50 எஃப் 1.8டி லென்ஸ், எஃப்டிஇசட் அடாப்டர் வழியாக இசட் வரிசைக் கேமராவில் மாட்டினால் கையால் திருகித்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். அந்த லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, அடாப்டரிலும் கிடையாது.

அப்புறம் பேட்டரி. டி3500-க்கு நிகான் சொல்லும் கணக்கு ஒரு சார்ஜுக்கு 1550 படம். இசட்50-க்கு 300 சொச்சம். எலக்ட்ரானிக் வியூஃபைண்டர் (கண்ணை வைத்துப் பார்க்கும் சின்னத் திரை) எப்போதும் ஓடிக்கொண்டே இருப்பதன் விலை இது. காலை முகூர்த்தம் முதல் ராத்திரி ரிசப்ஷன் வரை ஓட்ட மூன்று நான்கு பேட்டரி வேண்டும் என்பதைப் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.

கம்ப்யூட்டரை யாரும் யோசிப்பதே இல்லை. நம்மூர் ஸ்டுடியோக்களில் இன்னமும் போட்டோஷாப் சிஎஸ்6 ஓடிக்கொண்டிருக்கிறது. கேனான் 2018-ல் கொண்டுவந்த சிஆர்3 ரா ஃபைலை (கேமரா பதப்படுத்தாமல் தரும் மூலப் படத்தை) அது திறக்காது. பழைய லைட்ரூம் 6-க்கும் அப்டேட் 2017-ஓடு நின்றுபோனது. அடோபி இலவசமாகத் தரும் டிஎன்ஜி கன்வர்ட்டரில் போட்டு மாற்றிக்கொள்ளலாம், ஆனால் ஒரு கல்யாணத்துக்கு மூவாயிரம் ஃபைல் என்றால் பொறுமை வேண்டும். இதோடு புது மெமரி கார்டு, ரேம் என்று சேர்த்தால், ‘பாடி மட்டும்’ என்று ஆரம்பித்த கணக்கு ஒன்றரை மடங்கில் வந்து நிற்பது சாதாரணம்.

விலை கூடினால் எல்லாம் இருக்கும் என்று நினைப்பது

ஆர்8-ல் இருப்பது ஆர்6 மார்க் 2-ன் சென்சார்தான். படத்தின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனால் கார்டு போட ஒரே ஓர் இடம். பாடிக்குள் ஸ்டெபிலைசேஷன் இல்லை. பேட்டரியும் 200டியில் வரும் அதே சின்ன பேட்டரி. குடும்பப் படம் எடுப்பவருக்கு இது எதுவும் பிரச்சினையே இல்லை. காசு வாங்கிக்கொண்டு தாலி கட்டும் நேரத்தை எடுப்பவருக்கு ஒரே கார்டு என்பது பெரிய பயம். அந்தக் கார்டு போனால் திரும்ப எடுக்க முடியாது. 2020-ல் வந்த, ஆர்8-ஐவிடப் பழைய நிகான் இசட்5-ல் இரண்டு கார்டு போடலாம். வரிசையில் மேலே இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, உங்கள் வேலைக்கு எது இல்லாமல் முடியாதோ அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டு தேடுவது நல்லது.

புது மிரர்லெஸ் (ஆர்8, இசட் வரிசை மாதிரி உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கியவர்கள் முதலில் மயங்குவது சத்தமில்லாத ஷட்டரில். மண்டபத்து எல்இடி வெளிச்சத்தில் அதைப் போட்டு 1/500-ல் எடுத்துவிட்டு, வீட்டுக்கு வந்து பார்த்தால் படம் முழுக்கக் குறுக்கே கருப்புப் பட்டை பட்டையாக விழுந்திருக்கும். நம்மூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் எரியும் பல விளக்குகள் நொடிக்கு நூறு தடவை மங்கிப் பிரகாசிக்கின்றன, கண்ணுக்குத் தெரிவதில்லை. எலக்ட்ரானிக் ஷட்டர் படத்தை மேலிருந்து கீழாக வரி வரியாக வாசிக்கும்போது, சில வரிகளுக்குப் பிரகாசமும் சிலவற்றுக்கு மங்கலும் வாய்க்கிறது. சாதாரண மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாற்றி, ஆன்டி-ஃபிளிக்கர் வசதியை ஆன் செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இதை முக்கியமான ஆர்டரில் போய்க் கண்டுபிடிக்கக் கூடாது.

அதனால்தான் வாங்குவதற்கு முன் ஒரு நாள் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள் என்கிறேன். சென்னை, கோவை, மதுரை மாதிரி ஊர்களில் அடையாள அட்டையும் முன்பணமும் கொடுத்தால் கிடைக்கும். கடைக் கவுன்டரில் நின்று ஷட்டரை நாலு தடவை அமுக்கிப் பார்ப்பது சோதனையே இல்லை. நீங்கள் வழக்கமாக எடுக்கும் இடத்துக்கு, பழைய பாடியையும் எடுத்துக்கொண்டு போய், ஒரே காட்சியை இரண்டிலும் எடுங்கள். வித்தியாசம் உங்களுக்கே சட்டென்று தெரியாவிட்டால் ஆர்டர் கொடுத்தவருக்கு எப்படித் தெரியும்?

எப்போது மாற்றலாம்

நல்ல லென்ஸ் போட்டாயிற்று, நடுப்புள்ளியில் பழகியாயிற்று, இன்னமும் மாலை மாற்றும்போதோ கபடி மைதானத்திலோ பாதிப் படம் ஃபோகஸ் தவறுகிறது என்றால், தாராளமாக மாற்றுங்கள். கண்ணைத் தேடிப் பிடித்து விடாமல் தொடரும் இன்றைய ஃபோகஸ் முறை, பழைய ஒன்பது புள்ளிக் கேமராக்களுக்கு எட்டாத விஷயம். என்னைக் கேட்டால், இந்தக் காலத்தில் பாடியை மாற்ற இருப்பதிலேயே வலுவான காரணம் இதுதான். சென்சார் அதற்கு அடுத்துதான் வரும். நொடிக்கு மூன்று படம் போதவில்லை, இரண்டு கார்டு வேண்டும், ஆர்டர்காரர்கள் 4கே வீடியோ கேட்கிறார்கள் என்பவையும் நியாயமான காரணங்களே.

மாற்றுவது என்று முடிவானபின் இன்னொரு பெரிய டிஎஸ்எல்ஆரில் (1500டி, டி3500 மாதிரி உள்ளே கண்ணாடி வைத்த கேமரா) புதுப் பணத்தைப் போடுவது யோசிக்க வேண்டியது. கேனானும் நிகானும் 2020-க்குப் பிறகு புது டிஎஸ்எல்ஆர் மாடல் எதுவும் கொண்டுவரவில்லை. கையில் ஏற்கெனவே நாலைந்து நல்ல லென்ஸ் இருந்து, செகண்ட் ஹேண்ட் பாடி மலிவாகக் கிடைத்தால் சரி, அது வேறு கணக்கு.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஷட்டர் எத்தனை தடவை ஓடியிருக்கிறது என்று கேளுங்கள். தொடக்க நிலை டிஎஸ்எல்ஆர்களுக்கு ஒரு லட்சம் கிளிக் என்பது பொதுவான கணக்கு. அதைத் தாண்டியும் ஓடும், முன்பே போவதும் உண்டு. நிகானில் எடுத்த ஒரு படத்தோடு பதிவான விவரங்களிலேயே எண்ணிக்கை தெரிந்துவிடும், கேனானில் பெரும்பாலும் தனி மென்பொருள் வேண்டும். எஃப் 16-ல் வெறும் வானத்தை எடுத்துப் பார்த்தால் சென்சாரில் உள்ள அழுக்கெல்லாம் புள்ளி புள்ளியாகத் தெரியும். பில் இல்லாமல், வெளிநாட்டிலிருந்து வந்த பாடி என்று சொல்லிச் சில ஆயிரம் குறைத்துக் கேட்பார்கள். கம்பெனி வாரண்டி இங்கே செல்லாது என்பதை அந்தக் குறைந்த விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

பழைய பாடியை அவசரப்பட்டு விற்க வேண்டாம். 1500டியை விற்றால் பெரிய விலை கிடைத்துவிடாது. அதில் 50 எஃப் 1.8-ஐ மாட்டிப் பையில் போட்டு வைத்தால், புதுப் பாடி நடு முகூர்த்தத்தில் மக்கர் செய்தாலும் வேலை நிற்காது.