ரீஜண்ட் தேனுண்ணியின் அறிவியல் பெயரைப் படித்தறிவது எப்படி?

தென்கிழக்கு ஆஸ்திரேலியாவின் யூகலிப்டஸ் காடுகளில் இன்று சில நூறு மட்டுமே எஞ்சியிருக்கும் ரீஜண்ட் தேனுண்ணியின் அறிவியல் பெயரை முழுமையாக எழுதினால் 'அந்தோகீரா ஃபிரிஜியா (ஷா, 1794)' என்று வரும். இதைக் கடைசியிலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது. பெயரின் வரலாற்றுக்கான திறவுகோல் அந்த அடைப்புக்குறியில்தான் இருக்கிறது.

இப்பறவையை 1794-இல் முதன்முதலில் விவரித்துப் பெயரிட்டவர் ஆங்கிலேய இயற்கையியலாளர் ஜார்ஜ் ஷா. பெயரிட்டவரைச் சுற்றி அடைப்புக்குறி இருந்தால், அவர் சேர்த்த பேரினத்திலிருந்து (நெருங்கிய உறவுள்ள இனங்களின் தொகுதி) அந்த இனம் பின்னர் வேறொரு பேரினத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். ஷா இதைப் பஞ்சுருட்டான்களின் பேரினமான மீரோப்ஸில் சேர்த்து, 'மீரோப்ஸ் ஃபிரிஜியஸ்' என்று பெயரிட்டிருந்தார்.

அடுத்து இரண்டாம் சொல்லான இனப்பெயரைப் பார்க்க வேண்டும். பொன்னூல் பூவேலைக்குப் பெயர்பெற்ற பண்டைய ஃபிரிஜியா நாட்டைக் குறிக்கும் சொல் இது. கருநிற உடலில் பல இறகுகளின் ஓரம் மஞ்சளாக, தைத்து வைத்ததுபோல் அமைந்திருப்பதைக் கண்டவர்களுக்கு இப்பெயரின் பொருத்தம் உடனே விளங்கும். பேரினம் மாறினாலும் முதலில் சூட்டிய இனப்பெயர் நிலைத்திருக்கும். ஆனால் அது பெயரடையாக இருந்தால், இலத்தீன் இலக்கணப்படி பேரினச் சொல்லின் பாலுக்கேற்ப அதன் ஈறு திரியும். மீரோப்ஸ் ஆண்பால் என்பதால் 'ஃபிரிஜியஸ்'. அந்தோகீரா பெண்பால் என்பதால் 'ஃபிரிஜியா'. பழைய நூல்களில் தேடுவோர் இதை மறந்தால் ஒரே பறவையை இரண்டாக எண்ணிவிட நேரும்.

பேரினத்தில்தான் பெரிய மாற்றம் நிகழ்ந்தது. நெடுங்காலம் இப்பறவை சாந்தோமைசா என்னும் பேரினத்தின் ஒரே உறுப்பினராக வைக்கப்பட்டிருந்தது. 2004-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இது அந்தோகீராவைச் சேர்ந்த வாட்டில் பறவைகள் என்னும் தேனுண்ணிகளின் கிளைக்குள்ளேயே அடங்குவதைக் காட்டியது. ஒரு மூதாதையின் வழித்தோன்றல்களில் ஒன்றை மட்டும் விலக்கிவைத்துவிட்டு மற்றவற்றை ஒரு பேரினம் என்று அழைப்பது முறையாகாது. ஆகவே இதுவும் அந்தோகீராவுக்குள் வந்தது. தோற்றத்தைவிட வம்சாவளியையே நம்ப வேண்டும் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டை நான் கண்டதில்லை.

மேல்நிலைகளை விரைவாகவே கடந்துவிடலாம்: குடும்பம் மெலிஃபாஜிடே, வரிசை பேசரிஃபார்மஸ், வகுப்பு ஏவ்ஸ். மெலிஃபாஜிடேயில் ஏறத்தாழ 190 இனங்கள் உள்ளன. நாமறிந்த தேன்சிட்டுகள் நெக்டாரினிடே என்னும் வேறொரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதால், தேனுண்ணியைத் தேன்சிட்டு என்று மொழிபெயர்த்தல் பிழையாகும்.

ரீஜண்ட் தேனுண்ணிக்குத் துணையினங்கள் ஏதும் இல்லை. எனவே இருசொற் பெயரே போதும். ரோமன் எழுத்தில் எழுதும்போது பேரினத்தின் முதலெழுத்தை மட்டும் பெரிய எழுத்தாக்கி, இரு சொற்களையும் சாய்வெழுத்தில் இட்டு, பெயரிட்டவரையும் ஆண்டையும் நேரெழுத்தில் விட வேண்டும்.