1440 ஆர்.பி.எம். மோட்டாரும் ஆடும் பிராக்கெட்டும்: அதிர்வையும் டாம்பிங்கையும் கணினியில் பார்க்கும் முறை

சேலம், ஆத்தூர் வட்டாரத்துச் சேகோ ஆலைகளில் மோட்டார் ஓடும்போது, பக்கத்துத் தூணில் பிடித்திருக்கும் இரும்பு பிராக்கெட்டும் சேர்ந்து ஆடுவதைப் பார்க்கலாம். நாலு போல் மோட்டாரின் பெயர்ப்பலகையில் பெரும்பாலும் 1440 என்றிருக்கும். அதை 60ஆல் வகுத்தால் நொடிக்கு 24 சுற்று, அதாவது 24 ஹெர்ட்ஸ். பிராக்கெட்டின் சொந்த அதிர்வெண்ணும் (தட்டிவிட்டால் அது தானாக ஆடும் வேகம்) அதன் அருகில் இருந்தால் வம்புதான், ஆட்டம் பல மடங்கு பெருகும். அந்த ஆட்டத்தை அடக்கும் தன்மைதான் டாம்பிங்.

நாம் எடுத்துக்கொள்வது 50 மி.மீ. அகலம், 10 மி.மீ. தடிமன், 600 மி.மீ. நீளமுள்ள எம்.எஸ். பிளாட் (மைல்ட் ஸ்டீல் பட்டை). ஒரு முனை தூணில், மறுமுனை காற்றில். மென்பொருள், இலவசமாகக் கிடைக்கும் பிரீபோமேக்ஸ். உள்ளே கணக்குப் போடுவது கால்குலிக்ஸ் என்ற நிரல்.

படி 1: அலகுகள்

மில்லிமீட்டர், டன், நொடி என்ற முறையைத் தேர்ந்தெடுங்கள். யங் மாடுலஸ் (இரும்பின் விறைப்பு) 210000, பாய்சான் விகிதம் (நீளும்போது பக்கவாட்டில் சுருங்கும் அளவு) 0.3. அடர்த்தி 7850 (கிலோ/கன மீட்டர்) அல்ல, 7.85e-9 (டன்/கன மி.மீ.). இங்கே 7850 என்று போட்டால் அதிர்வெண் பத்து லட்சத்தில் ஒரு பங்காகிவிடும். மென்பொருள் வாயே திறக்காது.

படி 2: மெஷ்

மெஷ் என்பது பட்டையைச் சிறு துண்டுகளாக (எலிமெண்ட்) பிரிப்பது. இரண்டாம் வரிசை எலிமெண்ட்டே (விளிம்புகளின் நடுவிலும் புள்ளி உள்ளது) போடுங்கள். முதல் வரிசை டெட்ரா (நான்முகத் துண்டு) வளைவில் விறைத்துக்கொண்டு அதிர்வெண்ணைக் கூட்டிக் காட்டும். தூண் பக்க முகத்தை முழுவதும் ஃபிக்ஸ் செய்யுங்கள்.

படி 3: சொந்த அதிர்வெண்கள்

ஃப்ரீக்வென்சி ஸ்டெப் சேர்த்து ஐந்து மோடு (பட்டை ஆடும் வடிவம்) கேளுங்கள். ஸ்டோரேஜை 'யெஸ்' ஆக்குங்கள். அடுத்த படிக்கு இந்த மோடுகள் தேவை. முதல் மோடு, மேலும் கீழுமாக, 23.2 ஹெர்ட்ஸ் அருகில் வர வேண்டும். அடுத்தது பக்கவாட்டு ஆட்டம், ஏறக்குறைய 116. இவை கைக்கணக்கில் வரும் எண்கள். 30, 35 என்று வந்தால் மெஷ்ஷைச் சந்தேகப்படுங்கள்.

படி 4: விசையும் டாம்பிங்கும்

ஸ்டெடி ஸ்டேட் டைனமிக்ஸ் (ஒரே சீராகத் தொடரும் அதிர்வு) ஸ்டெப் சேருங்கள். எல்லை 10 முதல் 40 ஹெர்ட்ஸ், நுனியில் செங்குத்தாக 1 நியூட்டன் விசை.

டாம்பிங்கை மென்பொருள் கண்டுபிடிக்காது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும். மோடல் டாம்பிங்கில் (மோடுக்கு நேரடியாகக் கொடுப்பது) 0.01 (1%) போட்டுத் தொடங்குங்கள். வெல்டிங் செய்த இரும்பில் டாம்பிங் குறைவு. போல்ட் போட்டதில் இணைப்புகள் உரசுவதால் கொஞ்சம் கூடும். ராலே டாம்பிங் (நிறை, விறைப்பு வழியாகக் கொடுக்கும் முறை) இப்போதைக்கு வேண்டாம்.

1 சதவீதத்தில் உச்சத்தின் அகலம் அரை ஹெர்ட்ஸ்கூட இல்லை. ஒவ்வொரு ஹெர்ட்ஸாக நகர்ந்தால் உச்சியைத் தாண்டிப் போய்விடுவீர்கள். அதனால் 23ஐச் சுற்றி நெருக்கமாகப் புள்ளி வையுங்கள்.

படி 5: விடையைப் படிப்பது

நுனியின் வீச்சை அதிர்வெண்ணுக்கு எதிராக வரையுங்கள். அசையாத 1 நியூட்டனுக்கு 0.08 மி.மீ. வளையும் பட்டை, உச்சத்தில் சுமார் 4 மி.மீ. ஆடும். டாம்பிங்கை 2 சதவீதமாக்கினால் அது 2 ஆகக் குறையும்.

சரி, மோட்டார் ஓடுவது 24இல் அல்லவா? அங்கே பாருங்கள். 1 சதவீதத்தில் 1.1 மி.மீ., 2 சதவீதத்தில் 1.0 மி.மீ. டாம்பிங்கை இரட்டித்தும் பெரிய மாற்றமில்லை! உச்சத்தை விட்டுக் கொஞ்சம் விலகினாலே டாம்பிங்கின் பிடி தளர்ந்துவிடும். ரப்பர் பேடு வாங்க ஓடுவதற்கு முன் இதைப் பார்த்துவிடுவது நல்லது. அதே பட்டையை 12 மி.மீ. தடிமனாக்கி மறுபடி ஓட்டுங்கள். முதல் மோடு 27.9க்கு ஏறும், 24இல் வீச்சு 0.18க்கு இறங்கும்.

படி 6: இடத்தில் சரிபார்த்தல்

மோட்டாரை நிறுத்திவிட்டு, ஃபைபாக்ஸ் போன்ற, அதிர்வை அளக்கும் செயலியுள்ள கைபேசியைப் பட்டையில் தூணிலிருந்து 100 மி.மீ. தள்ளிக் கட்டுங்கள். நுனியில் வைக்காதீர்கள், 200 கிராம் எடையே அதிர்வெண்ணை 20க்கு இழுத்துவிடும். ரப்பர் சுத்தியலால் நுனியில் தட்டி, வீச்சு பாதியாக எத்தனை ஆட்டம் ஆகிறது என்று எண்ணுங்கள். 0.11ஐ அந்த எண்ணால் வகுத்தால் டாம்பிங் விகிதம். 11 ஆட்டம் என்றால் 1%.

அதிர்வெண்ணையும் கவனியுங்கள். உண்மையான தூணும் போல்ட்டும் நாம் ஃபிக்ஸ் செய்ததுபோல் இறுக்கமாக இருக்காது. அளவீட்டில் 23.2க்குப் பதில் 21 வந்தால், 12 மி.மீ. பட்டை அதை 25க்கு மேல் கொண்டுபோகாது, அதாவது 24க்கு இன்னும் பக்கத்தில்! அப்போது தடிமனை விட்டுவிட்டு, கீழிருந்து ஒரு சாய்வு முட்டு வைத்து மாடலை மறுபடி ஓட்டுங்கள்.