அம்மாவின் மெடிகேர் பிரீமியத்தை மாநில அரசு கட்ட என்ன செய்ய வேண்டும்?

என் அம்மாவுக்கு 71 வயது. அமெரிக்கக் குடியுரிமை வாங்கிவிட்டார். ஆனால் அம்மாவும் சரி, அப்பாவும் சரி, இந்த நாட்டில் வேலை பார்த்ததில்லை. பத்து வருட வேலைக்குச் சமமான 40 காலாண்டுக் கணக்கு, தனக்கோ கணவன் அல்லது மனைவிக்கோ இருந்தால்தான், முதியோருக்கும் மாற்றுத்திறனாளிகளுக்குமான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேரில் மருத்துவமனைச் செலவுக்கான பார்ட் ஏ இலவசம். இல்லாவிட்டால் விலைக்கு வாங்க வேண்டும்: 2025 கணக்குப்படி மாதம் 518 டாலர். டாக்டர், பரிசோதனைகளுக்கான பார்ட் பி தனியாக 185 டாலர். நாங்கள் பார்ட் பி மட்டும் கட்டிக்கொண்டு, அம்மா மருத்துவமனையில் படுத்துவிடக் கூடாதே என்ற பயத்திலேயே இரண்டு வருடம் ஓட்டினோம்.

இந்த இரண்டு பிரீமியத்தையும் மாநிலமே கட்டும் திட்டம் ஒன்று இருக்கிறது. பெயர் கியூ.எம்.பி. அதை வாங்கிய வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

படி 1: வருமானம், சேமிப்பு

2025இல் தனி நபருக்கு மாத வருமானம் 1,325 டாலருக்குள், தம்பதிக்கு 1,783க்குள் இருந்தால் கியூ.எம்.பி. கொஞ்சம் கூடுதலாக இருந்தால் எஸ்.எல்.எம்.பி (தனி நபருக்கு 1,585 வரை), அதற்கும் மேலே கியூ.ஐ (தனி நபருக்கு 1,781 வரை). பின்னால் சொன்ன இரண்டும் பார்ட் பி பிரீமியத்தை மட்டும் கட்டும். சேமிப்பு வரம்பு 2025இல் தனி நபருக்கு 9,660 டாலர், தம்பதிக்கு 14,470. குடியிருக்கும் வீடும் ஒரு காரும் கணக்கில் வராது. அலாஸ்கா, ஹவாயில் வருமான வரம்பு கூடுதல். நியூயார்க், கனெக்டிகட் போன்ற சில மாநிலங்கள் சேமிப்பைப் பார்ப்பதே இல்லை. தொகைகள் வருடா வருடம் மாறும்.

"அம்மா என் வீட்டில் இருக்கிறாரே, என் சம்பளத்தையும் சேர்ப்பார்களா?" என்பதுதான் எனக்கு முதலில் வந்த சந்தேகம். அம்மா குடிமகள் என்பதால் சேர்க்கவில்லை. கிரீன் கார்டு மட்டும் உள்ளவர்கள் கவனியுங்கள்: ஸ்பான்சர் செய்த பிள்ளையின் வருமானத்தையும் கணக்கில் எடுக்கக்கூடும். 65 வயதில் மெடிகேரை விலைக்கு வாங்கவே, இங்கே தொடர்ச்சியாக ஐந்து வருடம் வசித்திருக்க வேண்டும்.

ஊரில் அம்மா பெயரில் வங்கிக் கணக்கோ நிலமோ இருந்தால் மறைக்காமல் எழுதுங்கள். கேள்வி உலகம் முழுவதும் உள்ள சொத்தைப் பற்றியது.

படி 2: "கண்டிஷனல் பார்ட் ஏ"

நான் மூன்று மாதம் மாட்டிக்கொண்ட இடம் இதுதான், நிதானமாகப் படியுங்கள்.

கியூ.எம்.பி கேட்டு மாநிலத்தின் மெடிகெய்ட் (குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசு மருத்துவ உதவி) அலுவலகத்துக்குப் போனேன். பார்ட் ஏ இருந்தால்தான் தர முடியும் என்று விதி. சரி, பார்ட் ஏ வாங்கலாம் என்று பார்த்தால், மாதம் 518 டாலரை நாமே கட்ட ஒப்புக்கொள்ள வேண்டும். அவ்வளவு பணம் இருந்தால் நான் ஏன் உதவி கேட்கப் போகிறேன்?

இந்த முடிச்சை அவிழ்க்க சட்டத்திலேயே வழி வைத்திருக்கிறார்கள். மெடிகேரில் சேர்ப்பதைக் கவனிக்கும் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில் பார்ட் ஏ விண்ணப்பத்தை (சி.எம்.எஸ். 18-எஃப்-5) நிரப்பி, குறிப்பு எழுதும் இடத்தில் "மாநிலம் கியூ.எம்.பி மூலம் பிரீமியத்தைக் கட்டினால் மட்டுமே எனக்குப் பார்ட் ஏ வேண்டும்" என்ற பொருளில் ஆங்கிலத்தில் எழுத வேண்டும். மாநிலம் மறுத்தால் பார்ட் ஏ தொடங்காது, பில்லும் வராது. கவுன்ட்டரில் "கண்டிஷனல் என்ரோல்மென்ட்" என்று அந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். எனக்கு அந்தச் சொல் தெரியாததால்தான் மூன்று மாதம் போனது.

எல்லா மாநிலத்துக்கும் இது தேவையில்லை. "பார்ட் ஏ பை-இன்" மாநிலங்களில், பார்ட் பி இருந்தாலே போதும், வருடத்தில் எந்த மாதமும் மாநிலமே பார்ட் ஏ-வில் சேர்த்துவிடும். கலிபோர்னியா 2025 ஜனவரி 1 முதல் அப்படித்தான். எங்கள் மாநிலம் "குரூப் பேயர்" வகை. அதாவது பார்ட் ஏ-வுக்கு நாமே விண்ணப்பிக்க வேண்டும். இந்த வகையில், மெடிகேரில் முதன்முறை சேரும் காலத்தைத் தவறவிட்டவர்கள் ஜனவரி 1 முதல் மார்ச் 31க்குள் இந்த விண்ணப்பத்தைக் கொடுக்க வேண்டும். உங்கள் மாநிலம் எந்த வகை என்று முதல் போனிலேயே கேட்டுவிடுங்கள்.

படி 3: மாநில விண்ணப்பம்

சோஷியல் செக்யூரிட்டியில் கொடுத்த விண்ணப்பத்தின் ரசீதையும் இணைத்து மெடிகெய்ட் அலுவலகத்தில் கொடுங்கள். ஆன்லைன் வசதி உண்டு. நான் நேரில் போய், நகலில் தேதி முத்திரை வாங்கிக்கொள்வதையே விரும்புவேன். பின்னால் "வரவில்லை" என்று சொன்னால் கையில் ஆதாரம் இருக்கும்.

தனியார் ஏஜென்ட் யாரிடமும் போக வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. ஒவ்வொரு மாநிலத்திலும் "ஷிப்" என்ற அரசு ஆலோசனைத் திட்டம் இலவசமாக உதவுகிறது. அவர்கள் எதையும் விற்பதில்லை. அம்மா நேரடியாகப் பேச வேண்டிய அழைப்புகளில் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று ஆரம்பத்திலேயே கேளுங்கள், அதற்கும் கட்டணம் இல்லை. அம்மா தன் வலியைத் தன் வாயாலேயே தமிழில் சொன்ன அன்று எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

அம்மாவுக்கு ஏப்ரலில் ஒப்புதல் கடிதம் வந்தது. கியூ.எம்.பி ஒப்புதலுக்கு அடுத்த மாதம்தான் தொடங்கும். எஸ்.எல்.எம்.பி, கியூ.ஐ என்றால் மூன்று மாதம் வரை பின்தேதியிட்டுக் கிடைக்கலாம். மருந்துச் செலவுக்கான "எக்ஸ்ட்ரா ஹெல்ப்" தானாகவே சேர்ந்துவிடுகிறது. 2025இல் ஜெனரிக் மருந்துக்கு அதிகபட்சம் 4.90 டாலர், பிராண்ட் மருந்துக்கு 12.15.

பின்சேர்க்கை: படித்தவர்கள் கேட்டவை

கியூ.எம்.பி வந்த பிறகும் ஒரு கிளினிக் நோயாளி கட்டும் 20 சதவீதப் பங்கைக் கேட்டு பில் அனுப்பியதாக ஒருவர் எழுதியிருந்தார். கட்டாதீர்கள். மெடிகேர் ஏற்கும் சேவைக்குக் டிடக்டிபிளையோ (காப்பீடு கொடுக்கத் தொடங்கும் முன் நோயாளி கட்டும் தொகை) பங்கையோ கியூ.எம்.பி உள்ளவரிடம் கேட்பது சட்டப்படி தவறு. கார்டைக் காட்டியும் விடாமல் பணம் கேட்டால் 1-800-633-4227இல் மெடிகேரை அழையுங்கள்.

அம்மா காலத்துக்குப் பிறகு வீட்டை எடுத்துக்கொள்வார்களோ என்று இரண்டு பேர் பயந்தார்கள். இந்தத் திட்டம் கட்டிய பிரீமியத்தையும் பங்குத் தொகையையும் 2010 முதல் சொத்திலிருந்து திரும்ப வசூலிக்கக் கூடாது. முழு மெடிகெய்ட், முதியோர் இல்லச் செலவு எல்லாம் வேறு கணக்கு.

65 வயதாகாத மாற்றுத்திறனாளித் தம்பிக்கு உண்டா என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். உண்டு, அக்கா. சோஷியல் செக்யூரிட்டியின் ஊனமுற்றோர் உதவித்தொகை (எஸ்.எஸ்.டி.ஐ) தொடங்கி 24 மாதத்தில் மெடிகேர் வந்துவிடும். அப்படி வருபவருக்குப் பார்ட் ஏ இலவசம் என்பதால் இரண்டாம் படியே தேவைப்படாது. நேராக மூன்றாம் படிக்குப் போய்விடுங்கள்.